கறுப்பு மண்ணெல்லாம் மக்கு மண்ணல்ல: நெல்லைச் சீமையின் குளத்திலும் வயலிலும் கரிமம் சேரும் விதம்

சித்திரை, வைகாசியில் குளங்கள் வற்றியதும் நெல்லைச் சீமை முழுக்கக் கரம்பை, அதாவது குளத்தடி வண்டல், அள்ளும் வேலை தொடங்கும். மண் எவ்வளவு கறுப்போ அவ்வளவு சத்து என்பது அள்ளுகிறவர், வாங்குகிறவர் இருவரின் நம்பிக்கை. இதில் பாதி சரி. கரம்பை நிலத்துக்கு நன்மை செய்கிறது. ஆனால் அந்த நன்மையில் பெரும்பங்கு களியால் வருவது; மக்கிய செடிகொடியின் பங்கு அதில் சிறிதுதான். மக்கு நிறைந்த ஈரநில மண் என்பது தனிப் பொருள். அது உருவாவதற்கு வேண்டிய நிலைமை நம் குளங்களில் ஆண்டின் ஒரு பாதியில் இருக்கிறது, மறு பாதியில் இல்லாமல் போகிறது. தண்ணீர் நின்ற மாதங்களில் சேர்ந்ததை வெயில் காயும் மாதங்கள் தின்றுவிடுகின்றன. இந்த வரவு செலவு புரிந்தால் எந்தக் குளத்து மண்ணை அள்ளலாம், எந்த ஆழத்தில் நிறுத்தலாம், எந்த வயலில் தழை உரம் போடாமல் இருப்பது நல்லது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

நிறத்திலிருந்து தொடங்கலாம். மண் கறுப்பாக இருக்க மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு. கோவில்பட்டி, கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கன்னங்கரேலென்று இருக்கும். சோதனைக்குக் கொடுத்தால் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்தை ஒட்டியே வரும், பல புஞ்சைக் காடுகளில் அதற்கும் கீழே. ஈரம் பட்டால் விரிந்து காய்ந்தால் வெடிக்கும் அந்தக் களியோடு கொஞ்சம் மக்கு இறுகப் பிணைந்திருப்பதே அவ்வளவு கறுப்பையும் கொடுத்துவிடுகிறது. இரண்டாவது, குளத்தடிச் சேற்றின் கறுப்பு. அது பெரும்பாலும் இரும்பு சல்பைடு. ஈரமாக எடுக்கும்போது மை போல் இருக்கும், காற்றுப் பட்டுச் சில மணி நேரத்தில் சாம்பலுக்கோ பழுப்புக்கோ மாறிவிடும். மூன்றாவதுதான் உண்மையான மக்கின் கறுப்பு. அது காய்ந்தாலும் அடர்ந்த பழுப்பாகவோ கறுப்பாகவோ நிற்கும். கட்டி உள்ளங்கையில் எடையே தெரியாத அளவுக்கு லேசாக இருக்கும்.

அளவுகளைப் பார்த்தால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று தெரியும். மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று போடுவார்கள். உலக மண் வகைப்பாட்டில் ஒரு மண்ணைக் கரிம மண் என்று சொல்ல, அதில் களியே இல்லையென்றால் எடையில் 12 சதவீதம், களி 60 சதவீதத்துக்கு மேல் என்றால் 18 சதவீதம் கரிமம் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கில் உள்ள அளவு. அத்தகைய அடுக்கு மேல் 80 செ.மீ.க்குள் 40 செ.மீ. தடிமனாவது இருக்க வேண்டும். கரிம எண்ணை 1.72 ஆல் பெருக்கினால் மொத்தக் கரிமப்பொருள் கிடைக்கும். அதாவது 12 சதவீதக் கரிமம் என்றால் மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு மக்கு. நம் வயலில் "அதிகம்" என்று அட்டை சொல்லும் அளவைப்போல் பதினாறு மடங்கு அது.

தண்ணீர் கட்டிய பிறகு மண்ணுக்குள் நடப்பவை

செடி செத்தால் மக்க வேண்டும். மக்குவது என்றால் நுண்ணுயிர் தின்பது. தின்பதற்கு அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண்ணின் துளைகளில் காற்று இருக்கும்வரை இது தடையின்றி நடக்கும். துளைகளைத் தண்ணீர் நிரப்பியதும் நிலைமை மாறுகிறது, ஏனெனில் ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். தொளி அடித்து, அதாவது உழுது சேறாக்கி, தண்ணீர் கட்டிய வயலில், மீந்திருந்த ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிரும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். சேற்றின் மேல்தோலில் சில மி.மீ. மட்டும் பழுப்பாக நிற்கும். அங்கே மட்டும்தான் ஆக்சிஜன் உண்டு. அதற்குக் கீழே கையை விட்டு எடுத்தால் சாம்பல் நிறம்.

ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் சாவதில்லை. அதற்குப் பதிலாக வேறு பொருள்களைப் பயன்படுத்தத் தொடங்குகின்றன, அதுவும் ஒரு வரிசைப்படி. முதலில் நைட்ரேட். அது நைட்ரஜன் வாயுவாகி வானத்துக்குப் போய்விடும். காய்ந்த வயலில் உருவான நைட்ரேட் எல்லாம் தண்ணீர் கட்டிய சில நாளில் காணாமல் போவது இதனால்தான். அடுத்து மாங்கனீசு, பிறகு இரும்பு. துருப்பிடித்த நிலையில் செம்பழுப்பாக இருந்த இரும்பு கரைந்து போவதால் மண் நீலச்சாம்பலாகிறது. நெல் வேர் தன் உள்குழல் வழியாக ஆக்சிஜனைக் கீழே கொண்டுவருவதால் வேரைச் சுற்றி மட்டும் ஆரஞ்சு நிறத் துரு படியும். ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். வேர் வெள்ளையாகவோ ஆரஞ்சாகவோ இருப்பது நல்ல அடையாளம். இரும்புக்குப் பிறகு சல்பேட். அது ஹைட்ரஜன் சல்பைடாக மாறும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். மண்ணில் இரும்பு போதிய அளவு இருந்தால் அந்தச் சல்பைடைப் பிடித்துக் கறுப்பாக்கி நஞ்சைத் தணித்துவிடும். இரும்பு குறைந்த மணற்பாங்கான வயலில் நேராக வேரைத் தாக்கும், வேர் கறுத்துவிடும். கடைசிப் படி மீத்தேன். சேற்றில் கால் வைத்ததும் குமிழ் குமிழாக வருவதில் பெரும்பங்கு அதுதான்.

வரிசையில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் நுண்ணுயிருக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. அதனால் அது பெருகுவதும் தின்பதும் மெதுவாகிறது. இன்னொரு தடையும் உண்டு. செடியின் தண்டையும் மரத்தையும் விறைப்பாக வைத்திருக்கும் லிக்னினை உடைப்பவை முக்கியமாகப் பூஞ்சைகள். அவற்றுக்கு ஆக்சிஜன் இன்றியமையாதது. ஆகவே நீருக்கடியில் சர்க்கரையும் மாவும் புரதமும் கரைந்து போய், நாரும் கட்டையும் தங்கிவிடும். அவற்றிலிருந்து கசியும் ஃபீனால் பொருள்கள் நீரை வெளிர்பழுப்பாக்கி, மிச்ச நொதிகளையும் முடக்கும். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாகத் தடை விழுவதால்தான் பல்லாயிரம் ஆண்டு முன்பு விழுந்த இலைத்துண்டுகூட உருத்தெரியும்படி சதுப்புக்குள் கிடக்கிறது.

ஒன்றை மறந்துவிடக்கூடாது: சிதைவு நிற்பதில்லை, மெதுவாகிறது. சதுப்பில் ஓராண்டில் வளர்ந்த செடியில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூடத் தங்குவதில்லை. அந்தச் சிறு மிச்சம் ஆண்டுதோறும் விடாமல் சேர்ந்தால் பீட் எனப்படும் மட்கு அடுக்கு உருவாகிறது. பொதுவாக ஆண்டுக்கு 1 மி.மீ. அளவில், பல இடங்களில் அதற்கும் குறைவாகவே அது வளரும். வகைப்பாடு கேட்கும் 40 செ.மீ.க்கு 400 ஆண்டு ஆகும். நடுவில் பத்து ஆண்டு தொடர்ந்து காய்ந்து கிடந்தால் அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளின் சேமிப்பு கரியமில வாயுவாகப் போய்விடும்.

பீட் பிறக்க இரண்டு வழிகள். ஒன்று, ஏரி தூர்ந்து நிரம்புவது. முதலில் அடியில் பாசியும் நுண்வண்டலும் கலந்த கூழ் போன்ற சேறு படியும். நீர் ஆழம் குறையக் குறைய ஆம்பல், அதன்பின் கரையிலிருந்து சம்பும் கோரையும் உள்ளே நகரும். நார் நிறைந்த அடுக்கு அதன்மேல் படியும். கடைசியில் ஈரம் தாங்கும் மரங்கள் வந்து கட்டை கலந்த அடுக்கு உண்டாகும். இரண்டாவது, ஏரியே இல்லாத சமநிலத்தில் நிலத்தடி நீர் ஏறி நின்று நிலமே சதுப்பாவது. பள்ளத்தாக்குகளில் ஊற்று ஓயாமல் கசியும் இடங்களில் இது நடக்கும்.

தென்னகத்தில் இவை எங்கே உண்டு என்று பார்த்தால், நம் குளங்களில் எது குறைகிறது என்பது புரியும். நீலகிரியில் சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கின் பீட் அடுக்கில் அடிப்பகுதி சுமார் 40,000 ஆண்டுப் பழையது. பழைய பருவநிலையை ஆய்வாளர்கள் அதிலிருந்துதான் படித்தார்கள். அங்கே குளிர் சிதைவைத் தடுக்கிறது, பள்ளத்தில் ஊற்றும் வற்றுவதில்லை. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி ஆரியங்காவு இறங்கினால் குளத்துப்புழைப் பக்கம் காட்டு ஜாதிக்காய் மரங்கள் நிற்கும் சதுப்புகள் இருக்கின்றன. மண்ணுக்குள் மூச்சு முட்டுவதால் அந்த மரங்களின் வேர்கள் முழங்கால் மடக்கியதுபோல் மேலே எழும்பிக் காற்றைப் பிடித்து மறுபடி சேற்றுக்குள் இறங்கும். அங்கே வெப்பம் நம் ஊரை ஒட்டியதுதான். ஆனால் மழை மிகுதி, பள்ளத்தாக்கு காய்வதே இல்லை. இன்னும் வடக்கே குட்டநாட்டின் கரி நிலங்களில் பழைய காட்டு மரங்கள் புதைந்தபடியே கிடைக்கின்றன. ஆக, குளிர் இல்லாவிட்டாலும் மக்கு சேரும். ஈரம் அறுபடாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் தவிர்க்க முடியாதது.

பல நூறு ஆண்டுக் குளங்களில் ஏன் பீட் இல்லை

பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி, கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் வழியாக வயலுக்கும் குளத்துக்கும் பிரிகிறது. அந்தக் குளங்களில் பல நூற்றாண்டுகளாகத் தண்ணீர் நிற்கிறது. ஆண்டுக்கு 1 மி.மீ. என்று வைத்தால்கூட முழங்கால் ஆழ மக்கு அடுக்கு இருந்திருக்க வேண்டும். இல்லை.

முதற்காரணம் வெயில். பாளையங்கோட்டைப் பக்கம் ஆண்டு மழை சுமார் 700 மி.மீ.; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டில் ஆவியாவது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆற்றுக்கால் பாயும் குளங்கள் ஓரளவு தாங்கும். மானூர், விஜயநாராயணம் போன்று மழையையும் ஓடையையும் பெரிதும் நம்பும் குளங்கள் பங்குனிக்குள்ளேயே உள்வாய், அதாவது நீர் பரவும் உட்தரை, தெரிய வற்றும். தரை வெடிக்கும்போது காற்று வெடிப்பு வழியாக முழ ஆழத்துக்கு இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். 38, 39 டிகிரியில் வெடித்துக் கிடக்கும் குளத்தடி கரிமத்தைச் சேமிக்கும் இடமாக இருக்க முடியாது. காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது இன்னொரு இழப்பும் உண்டு. மண் காய்ந்தபோது செத்த நுண்ணுயிர்களையும் வெடித்துத் திறந்த மண்கட்டிகளுக்குள் ஒளிந்திருந்த மக்கையும் தின்று, மிச்ச நுண்ணுயிர்கள் இரண்டு மூன்று நாள் வெறிகொண்டு பெருகும். அந்த நாட்களில் வெளியேறும் கரியமில வாயு மிக அதிகம். புது மழைக்குப் பின் பயிர் திடீரென்று பச்சை கட்டுவது அந்தச் சிதைவில் விடுபட்ட தழைச்சத்தால் (நைட்ரஜன்).

அடுத்தது வண்டல். ஆண்டுதோறும் கால்வாயும் ஓடையும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவதால், சேரும் மக்கு அந்த மண்ணில் கலந்து நீர்த்துப்போகிறது. ஒரு செ.மீ. வண்டலுக்குள் ஒரு மி.மீ. மக்கு கலந்தால் அது கரிம மண்ணாகாது, மக்கு கலந்த களியாகத்தான் இருக்கும். குளத்துக்குள் மண் படிவதிலும் ஒழுங்கு உண்டு. நீர் நுழையும் வாயருகே மணலும் சரளும் விழும்; வேகம் செத்த இடத்தில், அதாவது கரையை ஒட்டிய ஆழத்தில், நுண்களி படியும். மக்கும் களியோடுதான் போய்ச் சேரும். குளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மறுகால் (உபரிநீர்) பாயும் சங்கிலியில் மேல்குளத்தில் மணல் தேங்கி, கீழ்க்குளத்துக்குக் களி மட்டும் போவதும் இதே கணக்கு.

வளர்ந்த செடியே குளத்தில் தங்குவதில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். கோரையைப் பாய்க்கு அறுப்பார்கள், புல்லை மாடும் ஆடும் மேயும், உள்வாயில் தர்ப்பூசணியும் வெள்ளரியும் போட உழுவார்கள். இது குறையல்ல, குளம் ஊருக்குப் பயன்படுவது. கணக்கில் மட்டும் இதைச் செலவுப் பக்கம் எழுத வேண்டும்.

எங்கே உண்மையிலேயே மக்கு அதிகம்

கார், பிசானம் என இரண்டு போகமும் ஒழுங்காக விளையும் தலைமடை வயல்களில் ஆனி முதல் மாசி வரை பெரும்பகுதி நாட்கள் தண்ணீர் நிற்கும். தாளும் வேரும் ஆண்டுக்கு இருமுறை மண்ணுக்குள் போகும். பக்கத்துச் செவல் (செம்மண்) புஞ்சையைவிட அங்கே அங்ககக் கரிமம் கூடுதலாக இருப்பது இயல்பு. இதைவிட அதிகம் சேரும் இடம் குளக்கரைக்கு அடியிலுள்ள கசிவு வயல்கள். கரையின் அடிவழியாகவும் மடையடியிலும் ஊறி வரும் நீர் கோடையிலும் நிற்காது. மாடு இறங்கினால் வயிறுவரை புதையும். உளை என்று ஊரில் ஒதுக்கிவைத்த இந்த வயல்கள்தான் நெல்லைச் சீமையில் கரிம மண்ணுக்கு மிக அருகில் வரும் நிலம்.

ஊர்க் கழிவுநீர் கலந்து வற்றாமல் கிடக்கும் குளங்களில் அமலைச்செடி மூடியிருக்கும். அதன் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்; ஆனாலும் அது வளரும் வேகத்தில் ஆண்டு முழுக்கச் செத்து விழுந்து மெத்துமெத்தென்ற கருஞ்சேற்றை உண்டாக்கும். அமலையின் போர்வை காற்றையும் வெளிச்சத்தையும் தடுப்பதால் நீரிலேயே ஆக்சிஜன் அற்றுப்போகும். அந்தச் சேற்றில் கரிமம் மெய்யாகவே அதிகம். என்றாலும் சாக்கடையோடு வந்த ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் அதே மக்கு பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், உலோகச் சோதனை செய்யாமல் அதைக் கீரைக்கும் காய்கறிக்கும் போடக்கூடாது.

கூந்தன்குளத்து மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, இப்போது உலக முக்கியத்துவம் உள்ளதாக ஏற்கப்பட்ட ராம்சார் ஈரநிலமாகவும் உள்ள அந்தக் குளத்தின் மண் உரமாக மதிக்கப்படுவது பறவை எச்சத்தால். எச்சம் கொண்டுவருவது தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்). அது கரிமத்தைப் பெருக்குவதில்லை. சொல்லப்போனால் நுண்ணுயிருக்குத் தழைச்சத்து கிடைப்பதால் மக்குவது இன்னும் விரைவாகும். சத்து மிகுந்த மண்ணும் மக்கு மிகுந்த மண்ணும் வேறு வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல் பக்கம் அலையாத்தி மரங்களின் அடியில் இருக்கும் கருஞ்சேறு கதை வேறு. கடல்நீரில் சல்பேட் ஏராளம். அது இலைமக்கோடும் இரும்போடும் சேர்ந்து பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமமாகப் படியும். ஈரமாக இருக்கும்வரை தீங்கில்லை. வடித்துக் காயவிட்டால் பைரைட் காற்றில் கந்தக அமிலமாக மாறி, கார அமில நிலை 4-க்கும் கீழே இறங்கும். குட்டநாட்டுக் கரி நிலத்தில் நெல்லுக்கு வரும் முதன்மையான தொல்லை இதுதான். அலையாத்திச் சேற்றை வண்டல் என்று நினைத்து வயலுக்கு ஏற்றுவது நிலத்தைக் கெடுக்கும் வேலை.

கையாலும் ஆய்வுக்கூடத்திலும் சோதிப்பது

மண்வெட்டியால் 60 செ.மீ. ஆழக் குழி எடுத்து, ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கைப்பிடி ஈரமண்ணை எடுத்து மூடிய கையில் பிழியுங்கள். சுவீடனின் லெனார்ட் வான் போஸ்ட் வகுத்த பத்துப் படிச் சோதனையின் சுருக்கம் இது. விரலிடுக்கில் தெளிந்த நீர் வந்து, செடியின் நார் கையில் அப்படியே இருந்தால் மக்காத பீட். கலங்கிய பழுப்பு நீர் வந்து பாதி நார் மிஞ்சினால் இடைநிலை. நீர் வராமல் கூழே விரலிடுக்கில் பிதுங்கினால் முற்றும் மக்கியது. நம் குளத்து மண்ணில் பெரும்பாலும் கூழ்தான் பிதுங்கும், ஆனால் அது களி. வேறுபாட்டை அறிய அதை உருட்டி நாடா போல் தள்ளிப் பாருங்கள்: 5 செ.மீ.க்கு மேல் அறாமல் நீண்டு, மினுமினுப்பாக இருந்தால் களி. நீளாமல் வெண்ணெய் போல் வழுக்கி உடைந்தால் மக்கு அதிகம். எடையும் காட்டிக்கொடுக்கும். ஒரு லிட்டர் இடத்தை அடைத்த சாதாரண வயல்மண் காய்ந்தபின் 1.3 கிலோ அளவில் இருக்கும், பீட் 100 முதல் 200 கிராம்தான்.

கூடத்துக்கு அனுப்பும்போது இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. அங்ககக் கரிமத்தை அளக்கும் வழக்கமான முறையில் பொட்டாசியம் டைகுரோமேட்டைச் சேர்த்து எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பார்கள். சேற்று மண்ணில் கரைந்த நிலையிலிருக்கும் இரும்பும், உப்பு மண்ணிலுள்ள குளோரைடும் அதே டைகுரோமேட்டைத் தின்னும். ஆகவே ஈரம் உலராமல் கொடுத்த சேற்றுக்கும், கடற்கரையோரக் கடைமடை மண்ணுக்கும் கரிமம் இல்லாமலே எண் கூடுதலாக வரும். சேற்றை மெல்லிதாகப் பரப்பி நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே கொடுக்க வேண்டும்; உப்பு மண் என்றால் அதைச் சீட்டில் எழுத வேண்டும். மண்ணை எரித்து எடையிழப்பைப் பார்க்கும் முறையில் இன்னொரு கோளாறு: 50 சதவீதம் களியுள்ள கரம்பையில் களிக்குள் பிணைந்த நீரும் எரியும்போது வெளியேறி, மக்கு என்று கணக்கில் ஏறிவிடும். அலையாத்திப் பக்கத்து மண் என்றால் ஈரமாக ஒருமுறையும், ஈரத்தோடு காற்றில் எட்டு வாரம் வைத்தபின் ஒருமுறையும் கார அமில நிலை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது எண் 4-க்குக் கீழே விழுந்தால் அதைத் தொடக்கூடாது.

கரம்பைக் கணக்கு

அரசு விதிப்படி நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் அள்ளலாம். டிராக்டர் கணக்கில் 25, 30 லோடு. நஞ்சை அளவை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு செ.மீ.க்கும் சற்றுக் குறைவான கனம். கன மீட்டருக்கு ஒரு டன் என்று குறைத்தே வைத்தாலும் 75 டன் மண். அதில் அங்ககக் கரிமம் 1 சதவீதம் இருந்தால் 750 கிலோ கரிமம், அதாவது சுமார் 1,300 கிலோ கரிமப்பொருள். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் அடித்தால், அதில் பாதி தண்ணீர், மிச்சத்தில் ஏறக்குறைய பாதி மண்ணும் சாம்பலும் போக, நிற்பதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். 25 லோடு கரம்பையின் மக்கு ஒரே ஆண்டுத் தொழு உரத்துக்குச் சமம். மக்குக்காக மட்டும் என்றால் கரம்பை கட்டுப்படியாகாது.

களியைக் கணக்கில் எடுத்தால் படம் மாறும். 40 சதவீதக் களி என்றால் 30 டன். செவல் புஞ்சையில் மேல் 15 செ.மீ. மண் ஏக்கருக்கு 900 டன் அளவு இருக்கும். அதில் 8 சதவீதமாக இருந்த களி பத்தரை சதவீதமாக ஏறும். தண்ணீரையும் சாம்பல்சத்தையும் (பொட்டாசியம்) பிடித்து வைக்கும் திறன் அதோடு கூடும், அது பல ஆண்டு நிலைக்கும். எனவே கரம்பைக்கு உரிய இடம் மணற்பாங்கான செவலும் தேரி எனப்படும் செம்மணல் மேட்டை ஒட்டிய புஞ்சைக் காடுகளும். ஏற்கெனவே களியான நஞ்சையில் அதைக் கொட்டுவது வண்டிக்கூலிக்கு நட்டம்.

மக்கும் வேண்டும் என்றால் அள்ளும் ஆழம் முக்கியம். கரிமம் மேல் 15, 20 செ.மீ.யில்தான் இருக்கிறது. பொக்லைன் இரண்டு மீட்டர் தோண்டிக் கொடுக்கும் அடிமண்ணில் 0.3 சதவீதம் வந்தாலே பெரிது. மேலே சொன்ன 1,300 கிலோ 400 கிலோவாகச் சுருங்கிவிடும். பரந்து ஆழமில்லாமல் அள்ளுவதே சரி. களி அடுக்கைத் தாண்டிச் சரளோ சுக்கானோ (சுண்ணாம்புக் கல்) தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் குளம் தண்ணீர் பிடிக்காது. கரையின் உள்ளடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் வயலுக்குப் பாயாது. அதே சமயம், குளத்தின் நடுவே அப்படி ஒரு பள்ளம் வேண்டுமென்றே விட்டால் கோடையிலும் ஈரம் நிற்கும், மீனும் ஆம்பல் கிழங்கும் பிழைக்கும், அந்த ஓரிடத்திலாவது மக்கு கரையாமல் தங்கும். தூர்வாரும் திட்டங்கள் குளத்தடியைத் தட்டையாக வழித்தெடுக்காமல் இந்தப் பள்ளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கடைமடைக் குளத்து மண்ணை ஏற்றுமுன் ஒரு கண்ணாடிக் குவளை மழைநீரில் ஒரு கரண்டி மண்ணைக் கலக்கி வையுங்கள். மறுநாளும் பால் போல் கலங்கியே நின்றால் அது களர் மண். அள்ள வேண்டாம்.

உளை வயலைக் கையாள்வது

மக்கு மிகுந்த கசிவு வயலில் நெல் செழிக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடியிலைகளில் துருநிறப் புள்ளி, இளம் இலையின் அடிநரம்பு வெளுப்பு, தூர் கட்டாமல் திட்டுத்திட்டாகக் குட்டை. இது துத்தநாகக் குறை. மண்ணில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. ஓயாத ஈரத்தில் உண்டாகும் சல்பைடும் பைகார்பனேட்டும் கரிம அமிலங்களும் அதை வேருக்குக் கிடைக்காமல் செய்துவிடுகின்றன. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் மேலாகத் தூவ வேண்டும், டி.ஏ.பி.யோடு கலக்கக்கூடாது, மணிச்சத்து அதைப் பிடித்துக்கொள்ளும். பயிர் நின்றபின் தெரிந்தால் 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட்டோடு 1 சதவீத யூரியா கலந்து தெளிக்கலாம். எதைப் போட்டாலும், வயல் ஒருமுறையாவது காய்ந்தால்தான் குறை உண்மையாகத் தீரும்.

இப்படிப்பட்ட வயலில் தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ மிதித்துப் போடுவது கேடு. மற்ற வயல்களில் ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தழை மிதித்து, 7 முதல் 10 நாள் விட்டு நடுவது நல்ல பழக்கம். உளையில் அதே தழை கரிம அமிலமாகவும் சல்பைடாகவும் தேங்கி இளவேரைக் கருக்கும். யூரியாவையும் அங்கே குறைக்க வேண்டும். மக்கிலிருந்தே தழைச்சத்து விடாமல் வெளிவருவதால், கூடுதலாகக் கொடுத்தால் பயிர் சாய்ந்து குலைநோய்க்கு இடம் கொடுக்கும்.

வடிகாலில்தான் அளவு தெரிய வேண்டும். குளக்கரைக்கு இணையாக, கரையடியை விட்டுத் தள்ளி, வயலின் மேல்வரப்பை ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டிக் கசிவை மறித்துப் பக்கத்து வடிகாலில் விட வேண்டும். 45 செ.மீ. ஆழம் போதும். ஆழமாக வெட்டி வயலைக் கோடை முழுக்கக் காயப்போட்டால் சேர்ந்த மக்கு காற்றில் கரைந்து, நிலமே இறங்கும். இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற பீட் நிலத்தை வடித்தபோது 1851-இல் தரைமட்டத்துக்கு நட்ட இரும்புக் கம்பம் இன்று சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. நம் வயலில் அவ்வளவு மக்கு கிடையாது, இருப்பது ஒரு சாண். அதனால் தூர் கட்டி முடியும் தறுவாயில் ஐந்தாறு நாள் நீரை வடித்து மயிரிழை வெடிப்பு விழுந்ததும் மறுபடி கட்டுவது, அறுப்புக்குப் பின் இரண்டு மூன்று வாரம் மட்டும் காயவிட்டு வாய்க்காலின் வாயை மண் வைத்து அடைப்பது என்று வைத்துக்கொண்டால் துத்தநாகமும் விடுபடும், மீத்தேனும் குறையும், மக்கின் பெரும்பகுதியும் வயலிலேயே நிற்கும்.